கை ஓடுகிற நேரம்: யாழ்ப்பாணத்தில் ஆறு நாள்

முதல் நாள்: கடல் கடந்து

காலையில் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி, பசி எடுக்கிற நேரத்துக்குக் காங்கேசன்துறையில் இறங்கிவிட்டேன். நாலு மணி நேரப் பயணம்தான். ஏறத்தாழ நாற்பது வருடம் மூடிக் கிடந்த இந்தக் கடல்வழி 2023 அக்டோபரில்தான் பயணிகளுக்குத் திறந்தது. மேல்தளத்தில் என் பக்கத்தில் நின்று ஓயாமல் பேசிக்கொண்டு வந்த பெரியவர், கரை தெரிந்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். இறங்கும்வரை அவர் வாய் திறக்கவில்லை. நானும் எதுவும் கேட்கவில்லை.

துறைமுகத்தில் தோழியின் அக்கா காத்திருந்தார். கொக்குவிலில் அவர் வீடு. வழியெல்லாம் பனை. தஞ்சாவூர்ப் பக்கம் வளர்ந்தவள் நான்; எனக்குப் பனை என்றால் வயல் வரப்பில் ஒன்றிரண்டு நிற்பது. இங்கே கூட்டம் கூட்டமாக நிற்கிறது, ஊருக்கும் ஊருக்கும் நடுவே இன்னோர் ஊர் மாதிரி.

சரி, எதற்கு வந்தேன் என்று சொல்ல வேண்டும். ஒருவர் புதிதாக ஒன்றை உண்டாக்கும்போது அவர் மனம் எப்படி வேலை செய்கிறது, அந்த வேலையில் கணினி எங்கே கைகொடுக்கிறது, எங்கே குறுக்கே வந்து நிற்கிறது: இதுதான் என் ஆய்வு. ஓவியர்கள், மனவியலாளர்கள், கணினிக்காரர்கள் எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து இதைப் பேசுவதற்கென்றே 1993இல் இங்கிலாந்தின் லஃப்பரோவில் ஒரு மாநாடு தொடங்கியது. எர்னஸ்ட் எட்மண்ட்ஸும் லிண்டா கேண்டியும் தொடங்கிவைத்தது. படைப்பாற்றலும் அறிதலும் என்பதே அதன் பெயர். நான் படித்ததெல்லாம் அந்த வழியில் வந்தவர்களிடம்தான்.

என் பையில் ஒரு டேப்லெட் இருக்கிறது. அதில் நானும் இரண்டு நண்பர்களும் எட்டு மாதமாகச் செய்த ஒரு செயலி. பனையோலைப் பின்னலுக்கு வடிவங்கள் உருவாக்கித் தரும். எத்தனை நிறம், எத்தனை இழை என்று சொன்னால் நொடியில் நூறு வடிவம் காட்டும். இதன் வேர் நம் வாசல் கோலத்தில் இருக்கிறது. கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974இல் கோலத்தை ஓர் இலக்கணமாக எழுதிக் காட்டினார்கள். சொற்களைக் கோத்து வாக்கியமாக்க விதி இருப்பதுபோல, கட்டங்களைக் கோத்துக் கோலமாக்கவும் விதி எழுதலாம். சின்னக் கோலத்தைத் தந்த அதே விதி பெரிய கோலத்தையும் தரும். முதுகலை படிக்கும்போது அந்தக் கட்டுரையை வாசித்தேன். அன்றிலிருந்து அது என்னை விடவில்லை. கோலத்துக்கு முடிந்தது ஓலைக்கு முடியாதா என்று நினைத்தேன்.

நாளைக்கு ஓலை இழைக்கிற ஓர் ஆச்சியைப் பார்க்கப் போகிறோம். அக்காவுக்குத் தூரத்து உறவு. இரவு புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும். போதும் என்று கையை மறைத்தாலும் அக்கா விடவில்லை.

இரண்டாம் நாள்: மடிச்சால்தானே தெரியும்

கண்டி வீதியில் பஸ். நாவற்குழிப் பாலத்தைத் தாண்டும்போது இரண்டு பக்கமும் தண்ணீர் வெள்ளித் தகடு மாதிரி கிடந்தது. சாவகச்சேரிக்குப் பக்கத்தில் இறங்கி, வேலிகளுக்கு நடுவே பத்து நிமிடம் நடை.

ஆச்சிக்கு எழுபது தாண்டியிருக்கும். பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் ஆச்சி என்றே எழுதுகிறேன். அவருடைய மகளும் ஓ.எல். என்ற பள்ளிப் பொதுத்தேர்வுக்குப் படிக்கிற பேத்தியும் கூட இருந்தார்கள். திண்ணையில் காய்ந்த குருத்தோலைக் கட்டு. ஈர்க்கு நீக்கி, கத்தியால் ஒரே அகலத்தில் வார்ந்து வைத்திருக்கிறார். பாதி வெள்ளை, மீதி சாயத் தண்ணீரில் கொதித்த சிவப்பும் பச்சையும்.

நான் முதலில் செயலியைக் காட்டவில்லை. அவர் எப்படி இழைக்கிறார் என்று பார்க்க வேண்டும். எங்கள் துறையில் ஒரு பழைய முறை உண்டு: வேலை செய்துகொண்டே மனத்தில் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லச் சொல்வது. எரிக்சனும் ஹெர்பர்ட் சைமனும் 1980களில் அதற்கு ஒழுங்கு வகுத்தார்கள். கணக்குப் போடுகிறவர்களிடம், சதுரங்கம் ஆடுகிறவர்களிடம் நன்றாக வேலை செய்யும். அதையே ஆச்சியிடம் கேட்டேன்.

"ஆச்சி, மனசுல என்ன ஓடுதோ அதைச் சொல்லிக்கிட்டே இழைக்க முடியுமா?"

இரண்டு வரிசை முயன்றார். பிறகு கையை மடியில் வைத்துவிட்டார். "கதைச்சால் கை ஓடாது பிள்ளை. கை ஓடினால் கதை வராது. உமக்கு எது வேணும்?"

இந்தக் கேள்விக்கு நான் பத்து வருடமாகப் படித்த எதிலும் இதைவிடத் தெளிவான வடிவம் இல்லை. கை ஓடட்டும் என்றேன். கைப்பேசியில் படம் மட்டும் பிடித்தேன். நாற்பது நிமிடம். கால் பெருவிரல் ஓலையின் ஒரு முனையை அமுக்கியிருக்க, பத்து விரலும் தனித்தனியாக வேலை பார்த்தன. அந்த நேரத்தில் ஆச்சி எங்களோடு திண்ணையில் இல்லை என்றே தோன்றியது.

தேநீர் குடித்தபின் படத்தை ஓட்டிக் காட்டினேன். அப்போதுதான் பேச்சு வந்தது, நிறுத்த முடியாத அளவுக்கு. "உதிலை நிப்பாட்டும். பாரும், அந்தச் சிவப்பைத் திருப்பிப் பார்த்தனான். சரிவரேல்லை. திரும்ப எடுத்தனான்." ஒரு மூலையில் மட்டும் அவர் ஓலையை மடித்து, பார்த்து, பிரித்து, மறுபடி மடித்தது ஏழு முறை. இத்தனை வருடம் இழைத்தவருக்கு அந்த மூலை முன்பே தெரிந்திருக்க வேண்டாமா? கேட்டேன்.

"மடிச்சால்தானே தெரியும்."

இந்த ஒரு வரியை அப்படியே ஓர் ஆய்வுக் கட்டுரையின் தலையில் எழுதிவிடலாம். 1994இல் டேவிட் கெர்ஷும் பால் மாக்லியோவும் டெட்ரிஸ் என்ற கணினி விளையாட்டை ஆடுகிறவர்களைக் கவனித்தார்கள். மேலிருந்து விழும் துண்டுகளை ஆட்டக்காரர்கள் தேவைக்கு மேல் சுழற்றினார்கள். வீண் வேலை மாதிரி தெரிந்தது. ஆனால் மனத்துக்குள் திருப்பிப் பார்ப்பதைவிட விரலால் திருப்பிக் கண்ணால் பார்ப்பது வேகமானது. அந்தச் சுழற்சி துண்டை வைப்பதற்கு இல்லை, அறிந்துகொள்வதற்கு. ஆச்சியின் ஏழு மடிப்பும் அதுதான். யோசித்து முடித்த பிறகு கை செய்யவில்லை. கை வழியாகவே யோசனை நடந்தது.

எதை மனத்தில் வைத்துத் தொடங்கினீர்கள் என்று கேட்டபோது இன்னும் எளிமையான பதில்: "தொடங்கேக்கை ஒண்டும் நினைக்கேல்லை. ரெண்டு சிவப்பு மிஞ்சிக் கிடந்தது, அதை வைச்சன். பிறகு அது கேட்டது, பச்சை வேணுமெண்டு." டொனால்ட் ஷோன் 1983இல், வடிவமைப்பாளர் தன் கைப்பொருளோடு உரையாடுகிறார், பொருளும் திருப்பிப் பேசுகிறது என்று எழுதினார். அதை உவமையாகவே இத்தனை நாள் படித்திருந்தேன். ஆச்சி உவமையாகச் சொல்லவில்லை.

அப்புறம் டேப்லெட்டை எடுத்தேன். நூறு வடிவங்களும் வரிசையாக வந்தன. மகளும் பேத்தியும் ஆசையாகப் பார்த்தார்கள். ஆச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"வடிவாய்த்தான் கிடக்கு. ஆனால் உது பாய். பெட்டி இல்லை."

யாழ்ப்பாணத்தில் வடிவு என்றால் அழகு. அழகாக இருக்கிறது, ஆனால் பெட்டியாகாது என்கிறார். எனக்கு விளங்கவில்லை என்று பார்த்து, பாதி இழைத்த பெட்டியை எடுத்துக் காட்டினார். அடியைத் தட்டையாக இழைக்கும்வரை என் கட்டங்கள் சரி. மூலையில் மடக்கியவுடன், அடுத்தடுத்த இரண்டு பக்கங்களின் ஓலைகள் ஒன்றையொன்று குறுக்கே கடந்து சுவராக ஏறுகின்றன. தட்டையில் ஒன்றையொன்று தொடாத இரண்டு சிவப்பு இழைகள் சுவரில் போய்ச் சந்திக்கின்றன. பெட்டியின் முகம் மூலையில்தான் பிறக்கிறது. எங்கள் செயலியில் மூலையே கிடையாது. எட்டு மாதம் உழைத்த மூன்று பேரும் ஒரு நாள்கூட ஓலையைக் கையில் எடுத்து மடக்கிப் பார்க்கவில்லை.

அதைவிட என்னை உறுத்தியது பேத்தி விஷயம். காலையில் பாட்டியின் பக்கத்தில் இருந்து அவள் துண்டு ஓலைகளில் என்னென்னவோ முயன்றுகொண்டிருந்தாள். அரைகுறையாக ஐந்தாறு கிடந்தன. செயலியைப் பார்த்தபின் அதில் ஏழாவது வடிவத்தைத் தேர்ந்தெடுத்து, அதையே செய்தாள். நிறத்தை மட்டும் மாற்றினாள். பிறகும் அதுவேதான். 1991இல் ஜான்சனும் ஸ்மித்தும் செய்த சோதனை நினைவுக்கு வந்தது. காரில் மிதிவண்டி ஏற்றும் தாங்கி ஒன்றை வடிவமைக்கச் சொல்லி, சிலருக்கு மட்டும் ஒரு மாதிரிப் படத்தைக் காட்டினார்கள். பார்த்தவர்களின் வரைபடங்களில் அந்த மாதிரியின் கூறுகள் திரும்பத் திரும்ப வந்தன. கண்ணில் பட்ட முதல் விடையிலிருந்து மனம் எளிதில் எழுந்து வராது. பதினாறு வயதுப் பிள்ளைக்கு நான் நூறு விடை கொடுத்தேன், அவளுடைய ஐந்தாறு கேள்விகளை எடுத்துக்கொண்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் அக்காவிடம் அதிகம் பேசவில்லை.

மூன்றாம் நாள்: ஒரு புள்ளியின் கதை

இன்று நகரத்துக்குள். பொது நூலகத்துக்குப் போகாமல் யாழ்ப்பாணத்தைப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. வெள்ளைக் கட்டடம், முன்னால் சரஸ்வதி. 1959இல் திறந்தது. 1981 மே 31 இரவு வைத்த தீயில் 97,000 நூல்கள் போயின, ஓலைச்சுவடிகளும் சேர்ந்து. இன்று வாசிப்பறை நிறையப் பள்ளிப் பிள்ளைகள். ஒரு மேசையில் நானும் இடம் பிடித்து உட்கார்ந்தேன்.

நேற்றைய ஓலை மனத்தைவிட்டுப் போகவில்லை. பெட்டிக்கு முன்னால், ஓலை நம் எழுதுபலகை. அந்தப் பலகை நம் எழுத்தை என்ன செய்தது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்தாணியால் அழுத்திக் குத்தினால் ஓலை பொத்துப்போகும். அதனால் சுவடிகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. 'கடடம' என்று கீறியிருந்தால் 'கட்டம்' என்று படிப்பவர்தான் படித்துக்கொள்ள வேண்டும். எகரமா ஏகாரமா என்பதும் அப்படியே. எழுதியவர் கைக்கு மிச்சமான வேலை வாசிப்பவர் மனத்துக்குப் போய்விட்டது. இங்கிருந்து பக்கத்தில் உள்ள சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது, வரிக்கு வரி இந்த முடிவுகளை எடுத்தபடிதான் போயிருக்க வேண்டும். செல்லரித்த ஓலை ஒரு பக்கம், இல்லாத புள்ளிகள் மறுபக்கம். அந்த உழைப்பை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

பிற்பகல் சுண்டிக்குளிப் பக்கம் நடந்தேன். பார்ப்பதற்கென்று குறிப்பாக எதையும் தேடிப் போகவில்லை, 1886இல் ஆர். முத்தையா பிறந்த ஊர் என்பதற்காகவே போனேன். இளவயதில் மலாயாவுக்குப் போய், தமிழுக்குத் தட்டச்சுப் பொறி வகுத்தவர். ஆங்கிலத்துக்குச் செய்த ஒரு பொறியின் நாற்பத்துச் சொச்சம் விசைகளுக்குள் 247 எழுத்தை எப்படி அடக்குவது? விடை: நகராத விசை. புள்ளியை அடித்தால் தாள் நகராது, அப்படியே நிற்கும். அடுத்து 'க'வை அடித்தால் அதன் தலையில் புள்ளி ஏற்கெனவே இருக்கும், தாள் அப்போது நகரும். ஆக, பொறியில் 'க்' எழுத முதலில் புள்ளி, அப்புறம் 'க'. கையால் எழுதும் ஒழுங்குக்கு நேர்மாறு. தட்டச்சு பயின்றவர்களின் விரல் ஒவ்வொரு மெய்யெழுத்தையும் அதன் முடிவிலிருந்து யோசிக்கப் பழகியது.

மனித கணினி ஊடாட்டம் என்ற துறைக்குப் பெயர் வைப்பதற்குப் பல பத்தாண்டுகள் முன்னால், ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் விரலுக்கும் எழுத்துக்கும் பொறிக்கும் நடுவே உட்கார்ந்து இந்த உடன்படிக்கையைச் செய்திருக்கிறார். எங்கள் பாடப் புத்தகங்கள் 1963இல் ஐவன் சதர்லாண்ட் ஒளிப்பேனாவால் திரையில் கோடு வரைந்ததிலிருந்தும், 1968இல் டக்லஸ் எங்கல்பார்ட் சுட்டியை (மவுஸ்) காட்டியதிலிருந்தும் கதையைத் தொடங்குகின்றன. தமிழில் சொல்லும்போது நாம் முத்தையாவிலிருந்து தொடங்கலாம் என்பது என் எண்ணம். தொடங்கவும் வேண்டும்.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி வந்த தமிழ்99 விசைப்பலகையில் புள்ளி இன்னொரு வீடு மாறியது. 'க'வை இரண்டு முறை அடித்தால் முதல் 'க'வுக்குப் புள்ளி தானாக விழும், 'க்க'. தமிழின் ஒலிவழக்கம் விதியாக உள்ளே போய்விட்டது. அதே புள்ளி ஓலையில் வாசிப்பவர் மனத்தில் இருந்தது, பொறியில் விரலின் ஒழுங்கில் இருந்தது, இப்போது விசைப்பலகையின் நினைவில் இருக்கிறது.

மாலையில், யாழ்ப்பாணத்திலேயே இருக்கிற திருநெல்வேலியில், பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்துக் கடையில் கணினி படிக்கும் மூன்று மாணவர்களோடு பிளேன்ரீ குடித்தேன். ரோமன் எழுத்தில் அடித்துத் தமிழாக்கிக்கொள்கிறார்கள் மூவரும். "தமிழை இங்கிலீஷிலை எழுத்துக்கூட்டித்தான் அக்கா அடிக்கிறன். இப்ப கையாலை எழுதேக்கையும் ஒருக்கா அது வந்து போகுது" என்றான் ஒருவன். இன்னொருவனின் அப்பா, விசைகளில் நேரடியாகத் தமிழ் வடிவங்களே இருக்கும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பாராம். ஒரே வீட்டில் அப்பாவும் மகனும் ஒரே மொழியை இரண்டு விதமாக யோசித்துத் தட்டுகிறார்கள். கருவி என்பது வேலையை எளிதாக்குகிற பொருள் மட்டும் என்று சொல்கிறவர்களை இந்தக் கடைக்குக் கூட்டிவர வேண்டும்.

நான்காம் நாள்: வல்வெட்டித்துறை

இன்று சுருக்கமாக. காலையில் பஸ் பிடித்து வல்வெட்டித்துறைக்குப் போனேன். இங்கே கட்டிய அன்னபூரணி என்ற இரட்டைப் பாய்மரக் கப்பலை ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கி, பெயர் மாற்றி, இந்த ஊர் மாலுமிகளோடு அனுப்ப, அது 1938இல் மாசசூசெட்ஸின் குளஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. கடற்கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஓர் ஐயாவிடம் இதைச் சொன்னால், அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

இரவில் வழி எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டேன். "ஆர், நான் மட்டுமோ? ஒருத்தன் வெள்ளியைப் பார்ப்பான், ஒருத்தன் நீரோட்டம் பார்ப்பான், ஒருத்தன் எஞ்சின் சத்தம் கேட்பான். வழி வள்ளத்துக்குத்தான் தெரியும்."

எட்வின் ஹட்சின்ஸ் அமெரிக்கக் கடற்படைக் கப்பலில் ஏறி, திசை அளப்பவர், நேரம் சொல்லிப் பதிபவர், வரைபடத்தில் குறிப்பவர் என்று பலர் சேர்ந்து கப்பலின் இடத்தைக் கணிப்பதைக் கவனித்து 1995இல் எழுதினார். அறிதல் ஒரு மண்டைக்குள் அடங்கியதில்லை. ஆட்களிலும் கருவிகளிலும் பரவிக் கிடக்கிறது என்பது அவர் கண்டது. ஐயா அதை நாலு சொல்லில் முடித்துவிட்டார்.

திரும்பும் வழியில் ஒரு முடிவுக்கு வந்தேன். நூறு வடிவம் காட்டும் பொத்தானை எடுத்துவிடப் போகிறேன். ஊரில் இருக்கும் நண்பர்கள் இருவரிடமும் தொலைபேசியில் சொன்னேன். ஒருவர் சரி என்றார். இன்னொருவர் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, நாளைக்குப் பேசலாம் என்றார். அவருடைய வருத்தம் நியாயமானது. அந்தப் பகுதி முழுக்க அவர் எழுதியது.

ஐந்தாம் நாள்: திரும்பவும் திண்ணையில்

கொக்குவில் வீட்டுச் சமையலறை மேசையில் நேற்றிரவு இரண்டு மணிவரை வேலை. புதிய செயலி எதுவும் எழுதவில்லை, அதற்கு நேரமும் இல்லை. ஒரு குடைக் கம்பில் கைப்பேசியைக் கட்டி, இழைக்கிற கைக்கு மேலே நிற்கும்படி செய்தேன். படம் டேப்லெட்டில் தெரியும். கை நின்ற இடம், பிரித்த இடம், திருப்பிய இடம் இவற்றை மட்டும் கருவி குறித்து வைக்கும்; கேட்டால் அந்த இடத்துக்குப் படத்தைப் பின்னோக்கி ஓட்டும். அவ்வளவுதான்.

குறித்து வைக்கிற கருவி இன்னும் பிறக்கவில்லை. அதனால் அக்காவின் மகன் மடிக்கணினியோடு அறைக்குள் உட்கார்ந்து, கருவி செய்ய வேண்டியதைத் தன் கையால் செய்தான். திரைக்குப் பின்னால் ஆள் இருந்துகொண்டு கணினியின் இடத்தை நிரப்பும் இந்த வழியை 1980களில் கெல்லி என்ற ஆய்வாளர் பயன்படுத்திப் பெயரும் வைத்தார். மாதக்கணக்கில் நிரல் எழுதும் முன், எழுதத் தகுந்ததா என்று ஒரு பகலில் தெரிந்துவிடும். உள்ளே பையன் இருக்கிறான் என்பதை ஆச்சியிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். "அப்ப அவனுக்கும் தேத்தண்ணி குடுக்கவேணுமே" என்றார்.

இன்று பேத்திதான் இழைத்தாள். ஆச்சி பக்கத்தில். முதல் ஒரு மணி நேரம் யாரும் டேப்லெட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு அது நல்ல அறிகுறி. இரண்டாவது மூலையில் பெட்டி கோணிக்கொண்டு போனது. பேத்தி வரிசை வரிசையாகப் பிரிக்கப் போனாள். ஆச்சி தடுத்தார். "பொறு. எங்கை பிழைச்சதெண்டு பார்ப்பம்."

படத்தைப் பின்னோக்கி ஓட்டினோம். பேத்தி, ஒரு சிவப்பு இழையை மேலே போட வேண்டிய இடத்தில் கீழே விட்டிருக்கிறாள். மூன்று வரிசைக்கு முன்னால். ஆச்சி படத்தைப் பார்த்தார், கையிலிருந்த பெட்டியைப் பார்த்தார், மறுபடி படம். பிறகு சொன்னார்: "பிரியாதை. அடுத்த மூலையிலையும் அப்பிடியே கீழை விடு."

விட்டாள். அதற்கடுத்த மூலையிலும் விட்டாள். நாலாவது மூலை முடிந்தபோது பெட்டியின் சுவரைச் சுற்றி, மூலைக்கு மூலை ஒடிந்து ஒடிந்து ஒரு சிவப்புக் கோடு ஓடியது. என் நூறு வடிவத்தில் அது இல்லை. ஆச்சியும் இதற்கு முன் செய்ததில்லையாம். பேத்தி பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் தோன்றவில்லை.

முடிந்தபின் கேள்வித்தாள். எரின் செர்ரியும் செலின் லத்துலிப்பும் 2014இல் வெளியிட்ட ஓர் அளவுகோல் இருக்கிறது. படைப்பு வேலைக்கு ஒரு கருவி எவ்வளவு துணைநின்றது என்பதை ஆறு கோணத்தில் கேட்கும்: பல வழி தேடிப் பார்க்க முடிந்ததா, நினைத்ததை வெளிப்படுத்த முடிந்ததா, மகிழ்ச்சி இருந்ததா, வந்த பலன் பட்ட பாட்டுக்குத் தகுந்ததா, மற்றவரோடு சேர்ந்து செய்ய முடிந்ததா. ஆறாவது, கருவியையே மறந்து வேலையில் ஆழ முடிந்ததா என்பது. இதைத் தமிழில் நான் மூன்று விதமாக மொழிபெயர்த்து வைத்திருந்தேன். மூன்றும் அரசாங்க அறிவிப்பு மாதிரி இருந்தன. இன்று அவற்றை அடித்துவிட்டு ஆச்சியின் சொல்லையே கேட்டேன்: "கை ஓடிச்சுதா?"

"டாப் இருந்தது நினைவே இல்லை" என்றாள் பேத்தி. "கடைசியிலைதான் பார்த்தன்."

ஒருவரிடம் ஒரு பகல் பார்த்ததை வைத்து எதையும் நிறுவிவிட முடியாது என்பது தெரியும். இன்னும் பலரோடு, பல நாள் செய்து பார்க்க வேண்டும். ஆனால் எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்பது தெரிந்துவிட்டது. சீமோர் பேப்பர்ட் நல்ல கருவிக்குத் தரை தாழ்வாகவும் கூரை உயரமாகவும் இருக்க வேண்டும் என்றார். யாரும் எளிதில் நுழையலாம், தேர்ந்தவர் எவ்வளவும் உயரலாம். மிட்செல் ரெஸ்னிக் அதோடு அகலமான சுவர்களையும் சேர்த்தார், பல திசையில் போவதற்கு. இன்றைக்குக் கேட்டவுடன் முழுப் படத்தைத் தந்துவிடுகிற செயற்கை நுண்ணறிவுக் கருவிகளில் தரை மிகத் தாழ்வாக இருக்கிறது, யார் வேண்டுமானாலும் நுழையலாம். ஆனால் மடித்துப் பார்க்க மூலை இல்லை. பாதியில் நிறுத்தி, கோணிப்போனதைக் கையில் வைத்துப் பார்க்க இடம் இல்லை. அந்த இடத்தை உண்டாக்கித் தருவதே எங்களைப் போன்றவர்களின் வேலை என்று நினைக்கிறேன்.

வருத்தப்பட்ட நண்பர் இரவில் அழைத்தார். பெட்டியின் படத்தை அனுப்பியிருந்தேன். "அந்த மூலையை எப்படிக் கணக்காக்குவது?" என்று கேட்டார். ஒரு மணி நேரம் பேசினோம்.

ஆறாம் நாள்: விளிம்பு

இன்று கப்பல். நேற்று விடைபெறும்போது ஆச்சி ஒரு பெட்டி கொடுத்தார். விளிம்பு கட்டாதது. நாலு பக்கமும் ஓலை முனைகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவசரத்தில் தந்துவிட்டாரோ என்று பார்த்தால், கூடவே ஈரத்துணியில் சுற்றிய ஓலைக் கீற்றும் வைத்திருந்தார். "உதை நீர் கட்டும்."

காங்கேசன்துறைச் சோதனையில் அதிகாரி பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். "முடியேல்லையே அக்கா" என்றார். இன்னும் இல்லை தம்பி என்றேன். பார்த்துப் பிடியுங்கோ, முனை முறிஞ்சிடும் என்று சொல்லித் திருப்பித் தந்தார்.

மேல்தளத்தில் நிழல் பார்த்து உட்கார்ந்து கட்டத் தொடங்கினேன். முதல் பக்கம் சுமாராக வந்தது. இரண்டாவதில் முனைகளை எந்தப் பக்கம் மடித்துச் செருகுவது என்று குழம்பிவிட்டது. கரை இன்னும் கண்ணில் தெரிந்தது, கைப்பேசியில் இரண்டு கோடு சிக்னல் இருந்தது. காணொளியில் அழைத்தேன். பேத்தி எடுத்து ஆச்சியிடம் கொடுத்தாள். பெட்டியைக் காட்டினேன். என்ன செய்ய வேண்டும் என்று அவர் சொல்லவில்லை.

"மடிச்சுப் பார்த்தனீரோ?"

இல்லை என்றேன். இணைப்பு அறுந்துவிட்டது. முனையை ஒரு பக்கம் மடித்துப் பார்த்தேன். பிரித்தேன். மறுபக்கம் மடித்தேன்.